கழற்றி மாட்டக் கட்டிய கோபுரத்தை ஏன் இடித்தார்கள்? கிஷோ குரோகாவாவும் நாகாகின் கட்டடமும்

டோக்கியோவின் கின்சா பகுதியில் 2022 ஏப்ரல் 12 அன்று நாகாகின் காப்ஸ்யூல் கோபுரத்தை இடிக்கத் தொடங்கினார்கள். முன்பக்கம் வட்டக் கதவு வைத்த வாஷிங் மெஷின்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தது போலிருக்கும் அந்தக் கட்டடத்தின் படம் பலர் கண்ணில் பட்டிருக்கும். இடிப்புச் செய்தி வந்ததிலிருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. காப்ஸ்யூல் எனப்படும் அறைப் பெட்டி பழசானால் அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லித்தானே இதைக் கட்டினார்கள், அப்புறம் எதற்கு இடிக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. 1972இல் கட்டிமுடித்தபோது, பெட்டிகளின் ஆயுள் 25 ஆண்டு, அவற்றைத் தாங்கும் நடுத்தூண்களின் ஆயுள் 60 ஆண்டு என்று கணக்கு வைத்திருந்தார் வடிவமைத்த கிஷோ குரோகாவா. அந்தக் கணக்குப்படி 1997 வாக்கில் 140 பெட்டிகளும் மாறியிருக்க வேண்டும். 50 ஆண்டில் ஒன்றுகூட மாறவில்லை. பெட்டிகளைத் தூணோடு பிணைத்த போல்ட்டுகளைக் கழற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் கழற்றுவதற்கான பணம், ஆலை, சட்டம், சம்மதம் எதையும் யாரும் ஏற்பாடு செய்து வைக்கவில்லை. இது எப்படி நேர்ந்தது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு தவறான தகவலை ஒதுக்கிவிட வேண்டும். நாகாகின் கோபுரம் காப்ஸ்யூல் ஹோட்டல் அல்ல. ஆள் படுத்துக்கொள்ளும் அளவுக்குக் குழிகள் வைத்த காப்ஸ்யூல் ஹோட்டல் 1979இல் ஒசாகாவில் வந்தது. அதையும் வடிவமைத்தவர் குரோகாவாதான் என்பதால் இரண்டும் குழம்பிப் போகின்றன. நாகாகின் பெட்டிகள் தனித்தனியாக விற்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர் இருந்தார். பின்னால் வரும் சிக்கலுக்கெல்லாம் இதுவே வேர்.

வளர்சிதை மாற்றம் என்ற சொல்

பள்ளி உயிரியல் பாடத்தில் படித்த சொல்தான். உடல் தன் பழைய செல்களைக் கழித்துப் புதியவற்றை ஆக்கிக்கொண்டே இருக்கிறது. உடல் அதேதான், உள்ளே இருக்கும் பொருள் மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் மெட்டபாலிசம், ஜப்பானிய மொழியில் ஷின்சின்தாய்ஷா. 1960 மே மாதம் டோக்கியோவில் உலக வடிவமைப்பு மாநாடு நடந்தபோது, இளம் கட்டடக் கலைஞர்கள் சிலர் இந்தச் சொல்லையே தங்கள் இயக்கத்துக்குப் பெயராக வைத்தார்கள். கியோனோரி கிகுதாகே, ஃபுமிஹிகோ மாகி, மசாதோ ஒதாகா, குரோகாவா ஆகியோரும் விமர்சகர் நொபோரு கவாசோவேயும் சேர்ந்து ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தார்கள். குரோகாவாவுக்கு அப்போது 26 வயது. இவர்கள் எல்லோருக்கும் வழிகாட்டியாக இருந்த கென்ஸோ தாங்கே இயக்கத்தில் உறுப்பினராகச் சேரவில்லை.

அவர்கள் சொன்னதைச் சுருக்கமாக மூன்றாகப் பிரிக்கலாம்.

1. கட்டடத்தின் எல்லாப் பகுதிக்கும் ஒரே ஆயுள் கிடையாது. அஸ்திவாரமும் தூணும் பல பத்தாண்டு நிற்கும். குழாய், சமையலறை, குளியலறை எல்லாம் சீக்கிரம் பழசாகும்.
2. ஆகவே நீண்ட ஆயுள் உள்ளதையும் குறுகிய ஆயுள் உள்ளதையும் ஒன்றாகக் குழைத்துக் கட்டக் கூடாது. முதுகெலும்பு தனி, அதில் மாட்டும் அலகு தனி.
3. நகரத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். சாலை, நீர், மின்சாரம் போன்ற பெரிய அமைப்பு நிலையாக இருக்கட்டும். வீடுகள் அதில் வந்து சேர்ந்து, விலகட்டும்.

இது வெறும் கற்பனை விளையாட்டாகத் தோன்றினால், அன்றைய ஜப்பானை நினைத்துப் பார்க்க வேண்டும். போரில் எரிந்த நகரங்கள் அவசர அவசரமாக எழுந்துகொண்டிருந்தன. 1962இல் டோக்கியோவின் மக்கள்தொகை 1 கோடியைத் தாண்டியது. நேற்றுக் கட்டியது இன்று போதாமல் போகும் ஊரில், மாறுவதையே இலக்கணமாக வைத்துக் கட்டுவோம் என்று அவர்கள் சொன்னதில் பொருள் இருந்தது.

குரோகாவா வந்த வழி

1934 ஏப்ரல் 8 அன்று ஐச்சி மாகாணத்தில், நாகோயாவை ஒட்டிய கனியே என்ற ஊரில் பிறந்தார். தந்தையும் கட்டடக் கலைஞரே. போர் முடிந்தபோது குரோகாவாவுக்கு 11 வயது. குண்டுவீச்சில் நாகோயா எரிந்து தரைமட்டமானதைச் சிறுவனாகப் பார்த்தவர்களில் ஒருவர். 1959 செப்டம்பரில் இசே வளைகுடாப் புயல் அதே பகுதியைத் தாக்கி 5,000 பேருக்கு மேல் பலி வாங்கியது. அடுத்த ஆண்டே அவர் வரைந்த விவசாய நகரத் திட்டத்தில் வீடும் தெருவும் தூண்களின்மேல் நிற்கும், கீழே நிலம் வயலுக்கு விடப்பட்டிருக்கும். எதிர்கால நகரம் என்று பத்திரிகைகள் வியந்த அந்த வரைபடத்தின் பின்னால் வெள்ளம் ஏறிய ஊரின் நினைவு இருக்கிறது.

1957இல் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பிறகு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தாங்கேயின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, டோக்கியோ விரிகுடாவின்மேல் நகரத்தை நீட்டிக்கும் தாங்கேயின் புகழ்பெற்ற திட்டத்தில் வேலை செய்தார். 1962இல் சொந்த அலுவலகம் தொடங்கினார். 1961இல் டிஎன்ஏ போலச் சுருண்டு ஏறும் ஹெலிக்ஸ் நகரத் திட்டம், 1969இல் காப்ஸ்யூல் பிரகடனம் என்று வரைவதும் எழுதுவதுமாகவே அந்தப் பத்தாண்டு போயிற்று. கட்டியது குறைவு.

திருப்பம் 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் வந்தது. அங்கே தகாரா நிறுவனத்துக்காக அவர் செய்த அரங்கம், ஒரே மாதிரி வளைந்த இரும்புக் குழாய் அலகுகளைப் போல்ட் போட்டு இணைத்தது. இணைக்க ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. வேண்டுமானால் நீட்டலாம், வேண்டாதபோது பிரிக்கலாம். அதைப் பார்த்துவிட்டு நாகாகின் நிறுவனத் தலைவர் தொரிஸோ வதனபே, இதுபோல் நிலையான ஒன்றை டோக்கியோவில் கட்டித்தர முடியுமா என்று கேட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கண்காட்சி அரங்கத்துக்கு ஒரே உரிமையாளர், ஆறு மாத ஆயுள், பிரித்தெடுக்கும் நாள் முன்கூட்டியே தெரியும். குடியிருப்புக் கோபுரத்தில் இந்த மூன்றுமே கிடையாது. தொழில்நுட்பம் மட்டும் ஒசாகாவிலிருந்து கின்சாவுக்கு வந்தது, அதைச் சாத்தியமாக்கிய சூழ்நிலை வரவில்லை.

ஒரு பெட்டிக்குள்

உள் அளவு அகலம் 2.3 மீட்டர், நீளம் 3.8 மீட்டர், உயரம் 2.1 மீட்டர். வெளி அளவு ஏறக்குறைய 2.5, 4, 2.5 மீட்டர். ஏன் 2.5 மீட்டர்? ஜப்பானியச் சாலையில் தனி அனுமதி இல்லாமல் ஓடும் லாரியின் அகலத்துக்கு அதுவே வரம்பு. ஆலையில் செய்து லாரியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும் என்று முடிவானதும், அறையின் அகலத்தைச் சாலை விதி நிர்ணயித்துவிட்டது.

கதவைத் திறந்தால் எதிர்ச் சுவரில் 1.3 மீட்டர் விட்டமுள்ள வட்டச் சன்னல். திறக்காது. விசிறிபோல் மடியும் காகிதத் திரை ஒன்று கண்ணாடியைச் சுற்றி விரிந்து மூடும். சன்னலுக்குக் கீழே கட்டில். ஒரு பக்கச் சுவர் முழுக்க அலமாரி. அதிலேயே குளிர்சாதனம், சோனி வண்ணத் தொலைக்காட்சி, சுழல் நாடா டேப் ரிக்கார்டர், வானொலி, தொலைபேசி எல்லாம் பதித்து வந்தன. இழுத்தால் மேசையாகும் பலகை ஒன்று. கதவருகே விமானக் கழிப்பறை அளவில், ஒரே வார்ப்பாகச் செய்த பிளாஸ்டிக் குளியலறை. சமையலறை இல்லை, துணி துவைக்க இடமில்லை.

வாங்கியவர்களின் நிலையை நினைத்தால் அது புரியும். புறநகரில் குடும்பம், நகர மையத்தில் வேலை, கடைசி ரயிலைத் தவறவிட்ட இரவுகளில் தங்க ஓரிடம் வேண்டும். சாப்பாடு வெளியே, துணி சலவைக்கு. தட்டச்சு முதலான வேலைகளுக்கு உதவத் தரைத்தளத்தில் பணிப்பெண்கள் இருந்தார்கள். நாடு முழுக்க அலையும் மனிதனுக்கு வீடு என்பது ஒரு கருவி என்று குரோகாவா எழுதிவந்ததற்கு இது நேர் விளக்கம்.

எப்படிக் கட்டினார்கள்

1. கின்சா 8ஆம் வட்டாரத்தில், உயர்மட்ட விரைவுச்சாலையை ஒட்டிய மனையில், இரும்புச் சட்டமும் கான்கிரீட்டும் சேர்ந்த இரண்டு நடுத்தூண்கள் எழுந்தன. ஒன்று 11 மாடி, மற்றது 13 மாடி. லிப்ட்டும் படியும் இவற்றுக்குள்.
2. அதே நேரத்தில் தூரத்தில், ஷிகா மாகாணத்தில், கன்டெய்னர் செய்யும் முறையில் பெட்டிகள் தயாராயின. லேசான இரும்புச் சட்டத்தைப் பற்றவைத்து, துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு போர்த்தி, துரு தடுக்கும் பூச்சும் அதன்மேல் தெளிப்புப் பூச்சும் கொடுத்தார்கள். சட்டத்துக்குத் தீத்தடுப்பாக ஆஸ்பெஸ்டாஸ் தெளிக்கப்பட்டது. அக்காலத்தில் அதுதான் வழக்கம்.
3. உள்அலங்காரம் முழுக்க முடிந்த பெட்டி, சுமார் 450 கிலோமீட்டர் லாரியில் டோக்கியோவுக்கு வந்தது.
4. கிரேன் தூக்கிப் பிடிக்க, ஒவ்வொரு பெட்டியையும் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு போல்ட்டுகளால் நடுத்தூணில் பிணைத்தார்கள். ஒரு நாளைக்கு 5 முதல் 8 பெட்டி ஏறியது.
5. தண்ணீர், வெந்நீர், கழிவுநீர், குளிர்சாதனக் குழாய்களை நடுத்தூணின் வெளிப்புறமாக ஏற்றி, வளையும் இணைப்பால் ஒவ்வொரு பெட்டிக்கும் கொடுத்தார்கள்.

பெட்டிக்கு அடியில் தாங்குகட்டை கிடையாது, பக்கத்துப் பெட்டியோடும் தொடர்பு கிடையாது. ஒவ்வொன்றும் தன் நான்கு போல்ட்டில் தனியாகத் தொங்கிற்று. அரை நூற்றாண்டு நிலநடுக்கங்களில் இந்தப் பிடிப்பு விடவில்லை. குரோகாவாவின் பொறியியல் தோற்றது என்று எழுதுபவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

எங்கே பிசகியது

முதல் பிசகு, வெளிப்பரப்பு. சாதாரண அடுக்குமாடியில் ஒரு வீட்டின் கூரை மேல்வீட்டின் தளம், பக்கச் சுவர் அடுத்த வீட்டின் சுவர். வெயிலும் மழையும் படுவது ஒன்றிரண்டு முகம் மட்டுமே. இங்கே ஒவ்வொரு பெட்டியும் தனியாக நிற்பதால் மேல், கீழ், பக்கம் எல்லாம் வெளியே. 2.5, 4, 2.5 மீட்டர் பெட்டியின் ஆறு முகங்களையும் கூட்டினால் 52.5 சதுர மீட்டர். உள்ளே நடமாடக் கிடைப்பது 10 சதுர மீட்டருக்கும் குறைவு. அதாவது வாழும் பரப்பைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இரும்புத் தோலைத் துருவிலிருந்து காக்க வேண்டும். 140 பெட்டிக்கும் கணக்குப் போட்டால் 7,350 சதுர மீட்டர் வருகிறது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே ஆள் நின்று வேலை செய்ய இடமில்லை. எந்த முகத்தில் தண்ணீர் தேங்குமோ அந்த முகத்துக்குத் தூரிகை எட்டாது. மேல்தகட்டில் பூச்சு உரிந்து, துரு விழுந்து, ஓட்டையாகி, மழை உள்ளே சொட்டியதெல்லாம் இதன் தொடர்ச்சிதான்.

இரண்டாவது பிசகு, குழாய். எனக்கு இதுவே மிகப் பெரிய தவறாகப் படுகிறது. இயக்கத்தின் சொந்த விதிப்படி குழாய்க்கு ஆயுள் குறைவு, எளிதில் மாற்றும்படி வைக்க வேண்டும். ஆனால் இங்கே அவை நடுத்தூணுக்கும் பெட்டிகளுக்கும் இடைப்பட்ட சந்தில் சிக்கியிருந்தன. ஒரு வெந்நீர்க் குழாய் அரித்துப் போனால் அதை அடைவதற்கு அதன் முன்னால் தொங்கும் பெட்டிகளை எடுக்க வேண்டும். பெட்டியை எடுப்பது நடக்காத காரியம் என்றால் குழாயைப் பழுதுபார்ப்பதும் நடக்காது. 2010இல் கட்டடம் முழுவதற்கும் வெந்நீர் நின்றுபோனது, பிறகு வரவே இல்லை.

மூன்றாவது, ஆஸ்பெஸ்டாஸ். மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் இழை என்று தெரிந்த பிறகு, அதைத் தொடும் எந்த வேலைக்கும் இடத்தை மூடி முத்திரையிட்டு, பாதுகாப்பு உடையோடு செய்ய வேண்டும் என்றாகிவிட்டது. ஒரு பலகையைப் பெயர்ப்பதுகூடப் பெரிய செலவாயிற்று.

நான்காவது, பெட்டி செய்யும் ஆலை. கார் உதிரிபாகம் கிடைப்பதற்குக் காரணம் லட்சக்கணக்கில் அதே கார் ஓடுவது. நாகாகின் பெட்டி 140தான். இதே பெட்டியை மாட்டும் கோபுரங்கள் ஊரெங்கும் எழும், ஆலை ஓடிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் விலைக் கணக்கு நின்றது. 1973 எண்ணெய் நெருக்கடியோடு அந்த நம்பிக்கை போயிற்று. அடுத்த கோபுரம் வரவில்லை. நாகானோ மாகாணக் காட்டில் நான்கு பெட்டிகளோடு தனக்கென அவர் கட்டிய வார இறுதி வீடு மட்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

ஒரு பெட்டியை மாற்ற வேண்டும் என்றால்

நடைமுறையில் என்ன செய்திருக்க வேண்டும் என்று வரிசையாகப் பார்த்தால் சிக்கல் துலங்கும்.

1. அந்த வரிசைக்குரிய தண்ணீர், கழிவுநீர், மின்சாரத்தை நிறுத்தி இணைப்புகளைப் பிரிக்க வேண்டும். மேலும் கீழும் இருப்பவர்களுக்கும் அத்தனை நாள் தண்ணீர் இருக்காது.
2. ஆஸ்பெஸ்டாஸ் உள்ள பகுதியை மூடி அகற்ற வேண்டும்.
3. கிரேன் மேலிருந்துதான் தூக்கும். பெட்டிகளுக்கிடையே சந்து மிகக் குறுகல். எனவே தாளில் எதையும் தனியாகக் கழற்றலாம் என்றாலும், செயலில் மேலே உள்ளவற்றை முதலில் இறக்க வேண்டியிருக்கும். மூன்றாம் மாடிப் பெட்டிக்காகப் பத்தாம் மாடிக்காரர் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.
4. நெரிசலான மையப்பகுதியில் கிரேன் நிறுத்த இடமும் போக்குவரத்து அனுமதியும் பெற வேண்டும்.
5. நான்கு போல்ட்டையும் எடுத்துவிட்டுப் புதிய பெட்டியை மாட்ட வேண்டும்.

ஐந்தாவது படி மட்டும்தான் குரோகாவா வரைந்து காட்டியது. அதற்கு முந்தைய நான்கும் ஒரு பெட்டிக்கும் ஏறக்குறைய அதேதான், 140 பெட்டிக்கும் அதேதான். ஆகையால் மாற்றினால் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றுவதே கட்டுப்படியாகும். அதற்கு எல்லா உரிமையாளரும் ஒரே நேரத்தில் பணம் கொடுக்க வேண்டும்.

ஐந்தில் நான்கு பங்கு

அடுக்குமாடியில் வீடு வாங்கியவர்களுக்கு இது பழக்கமான தலைவலி. ஜப்பானில் ஒரே கட்டடத்தின் பகுதிகளைத் தனித்தனி ஆட்கள் உடைமையாக வைத்திருப்பதை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1962இல் வந்தது. 1983 திருத்தத்துக்குப் பிறகு, முழுக் கட்டடத்தையும் இடித்துப் புதிதாகக் கட்ட உரிமையாளர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று விதி அமைந்தது. இடிக்க இப்படி ஒரு வழியைச் சட்டம் தந்தது. பெட்டி மாற்ற என்று எந்த வழியும் அதில் இல்லை. பெட்டியைத் தனி உடைமையாக விற்றபோது, 25 ஆண்டு கழித்து மாற்றுவதற்கு மாதந்தோறும் இவ்வளவு சேர்க்க வேண்டும் என்றோ, யார் முடிவெடுப்பது என்றோ ஒப்பந்தத்தில் கட்டாயமாக்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

அதன்பின் நடந்தவை:

2007இல் உரிமையாளர்கள் இடித்துக் கட்டத் தீர்மானம் போட்டார்கள். துருவும் ஆஸ்பெஸ்டாஸும் நிலநடுக்கப் பயமும் காரணம். ஜப்பானின் நிலநடுக்கக் கட்டட விதி 1981இல் கடுமையானது, இது அதற்கு முந்தைய கட்டடம். தூண்களை வைத்துக்கொண்டு பெட்டிகளை மட்டும் மாற்றலாம் என்று குரோகாவா மாற்றுத் திட்டம் கொடுத்தார். அந்த அக்டோபரில் அவர் இறந்துபோனார். புதிய கட்டடம் கட்டவிருந்த நிறுவனம் திவாலானது, 2008 நிதி நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. இடிப்பு நின்றது, பழுதுபார்ப்பும் நின்றது. அடுத்த பதினான்கு ஆண்டு கட்டடம் வலை போர்த்திக்கொண்டு அப்படியே நின்றது. இடிக்கப்போகும் கட்டடத்துக்கு யார் செலவழிப்பார்கள்? செலவழிக்காததால் அது இடிக்க வேண்டிய நிலைக்குப் போயிற்று.

பெட்டிகளை விலைக்கு வாங்கி வாக்குரிமையைச் சேர்த்துக் காப்பாற்றவும் சிலர் முயன்றார்கள். மாத வாடகைக்கு விட்டு, அங்கே வாழ விரும்பிய இளைஞர்களைக் கூட்டிவந்தார்கள். ஆனால் மனை 2018இல் வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2021இல் உரிமையாளர்கள் விற்க ஒப்புக்கொண்டார்கள்.

இசே ஆலயத்திலிருந்து எடுக்காமல் விட்டது

கட்டடத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது ஜப்பானிய மரபு என்பதற்கு இந்த இயக்கத்தினர் அடிக்கடி காட்டிய சான்று இசே பெரும் ஆலயம். 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே அளவில் புதிய ஆலயம் எழும், பழையது பிரிக்கப்படும். முதல் முறை 690ஆம் ஆண்டு. 62ஆவது 2013இல் நடந்தது. நடுவே உள்நாட்டுப் போரால் நூறாண்டுக்கு மேல் தடைபட்டும் மீண்டும் தொடர்ந்தது.

எப்படி முடிகிறது? மனை இரண்டும் ஆலயத்துடையது. முடிவெடுப்பது ஒரே நிர்வாகம். ஆலயம் கட்டும் ஹினோகி மரத்துக்கெனக் காடு வளர்க்கிறார்கள். சடங்கும் வேலையும் எட்டு ஆண்டு முன்பே தொடங்கிவிடும். 20 ஆண்டு இடைவெளி என்பதால், இளைஞனாக ஒருமுறை வேலை பார்த்த தச்சர் அடுத்த முறை தலைமை தாங்கி மூன்றாம் தலைமுறைக்குக் கைமாற்றலாம். ஆலயத்தின் மூட்டுகள் அழகாகக் கழல்வது இத்தனையும் சேர்ந்த ஏற்பாட்டின் ஒரு சிறு பங்கு. குரோகாவா மூட்டை எடுத்துக்கொண்டார். காட்டையும் தச்சரையும் நிர்வாகத்தையும் நாகாகினில் யாரும் உண்டாக்கவில்லை.

பிறகு கட்டியவை

நாகாகினோடு குரோகாவாவை முடித்துவிடுவது அவருக்கு அநியாயம். 1977இல் ஒசாகா அருகே சுயிதாவில் தேசிய இனவியல் அருங்காட்சியகம், 1980களில் நாகோயா, சைதாமா, ஹிரோஷிமா நகரங்களில் கலைக்கூடங்கள் என வரிசையாக வந்தன. 1989இல் திறந்த ஹிரோஷிமா கலைக்கூடத்தின் வட்ட முற்றத்தைச் சுற்றிய கூரை ஓரிடத்தில் வெட்டுப்பட்டிருக்கும். அந்தத் திறப்பு அணுகுண்டு விழுந்த இடத்தை நோக்கியது. அடியில் கரடுமுரடான கல், மேலே போகப்போக மெருகிட்ட கல், ஓடு, கடைசியில் அலுமினியம் என்று சுவரே காலத்தை ஏறுகிறது.

இந்தக் கட்டத்தில் அவர் அதிகம் பயன்படுத்திய சொல் கியோசெய், அதாவது இணைந்து வாழ்தல். நாகோயாவில் படித்த பௌத்தப் பள்ளியிலிருந்து பெற்ற கருத்து என்பார். பழசும் புதுசும், இயற்கையும் இயந்திரமும் ஒன்றையொன்று விழுங்காமல் பக்கத்தில் இருப்பது. ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்தில் 1999இல் சேர்த்த புதிய பகுதியின் பாதியை நிலத்துக்குள் இறக்கி, பழைய கட்டடத்தை மறைக்காமல் பார்த்துக்கொண்டார். சிங்கப்பூரில் 1995இல் முடிந்த 280 மீட்டர் உயர ரிபப்ளிக் பிளாசா இவருடையது. கசகஸ்தானின் தலைநகர் அஸ்தானாவின் நகரத் திட்டத்துக்கான போட்டியில் 1998இல் வென்றார்.

தமிழ் வாசகர்கள் பலர் தெரியாமலே நடந்து கடந்த குரோகாவா கட்டடம் ஒன்று உண்டு: 1998இல் திறந்த கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையம். அடுத்த முறை புறப்பாட்டு மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள். சேணம் போல் வளைந்த ஒரே மாதிரி கூரை அலகுகள், ஒவ்வொன்றும் மேல்நோக்கி மெலியும் தூண்களில் நிற்கும். அலகைத் திரும்பச் சேர்த்து நீட்டலாம் என்பதே கணக்கு. துணை முனையத்தின் நடுவில் மழைக்காட்டு மரங்களை வைத்ததும் அவர் யோசனை. இங்கே அலகு முறை எடுபட்டதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். விமான நிலையத்துக்கு நிர்வாகம் ஒன்றே, விரிவாக்கத்துக்கு முன்கூட்டித் திட்டமும் உண்டு.

2007 அவருடைய கடைசி ஆண்டு. ஜனவரியில் டோக்கியோ தேசியக் கலை மையம் திறந்தது. 14,000 சதுர மீட்டர் காட்சிப் பரப்பு, சொந்தச் சேகரிப்பு ஒன்றும் கிடையாது, கண்காட்சிகள் வந்து போகும். ஏப்ரலில் டோக்கியோ ஆளுநர் தேர்தலிலும், ஜூலையில் மேலவைத் தேர்தலிலும் நின்று தோற்றார். அக்டோபர் 12 அன்று, 73ஆம் வயதில் காலமானார். கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு தாங்கேவுக்கும் மாகிக்கும் கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை.

மிஞ்சிய 23

இடித்தபோது 23 பெட்டிகளை முழுதாக இறக்கிக் காப்பாற்றினார்கள். அவற்றில் ஆஸ்பெஸ்டாஸை அகற்றி, பழைய அலமாரிகளைச் சீர்செய்து, பல இடங்களுக்கு அனுப்பினார்கள். ஒன்று சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில். மற்றொன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், 2025இல் அதை மையமாக வைத்தே ஒரு கண்காட்சி திறந்தது. இவை போக, டோக்கியோவுக்கு வடக்கே சைதாமா கலைக்கூடம் இருக்கும் கிதா உராவா பூங்காவில், 1972இல் மாதிரிக்காகச் செய்த பெட்டி ஒன்று பல ஆண்டாக வைக்கப்பட்டிருக்கிறது.

பார்க்கப் போகிறவர்கள் வட்டச் சன்னலைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல் பின்பக்கம் போய்ப் பாருங்கள். நடுத்தூணோடு ஒட்டியிருந்த முகம் அது. போல்ட் பிடித்த இடமும் குழாய் நுழைந்த இடமும் அங்கேதான் இருக்கும்.